பள்ளி நூலக அறையை டேப்லெட்டுக்குக் கொடுத்துவிடலாமா?

உங்கள் கேள்வி நீளம் என்பதால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை சுமார் 400 பிள்ளைகள். நூலகம் என்று ஓர் அறை, அதில் ஏழெட்டு இரும்பு பீரோ, இருப்புப் பதிவேட்டில் மூவாயிரம் புத்தகம். யாரும் எடுத்துப் படிப்பதில்லை. முன்னாள் மாணவர்கள் 2 லட்சம் ரூபாய் திரட்டித் தரத் தயாராக இருக்கிறார்கள். அதில் டேப்லெட் வாங்கி அறையை ‘டிஜிட்டல் நூலகம்’ ஆக்கிவிடலாம், எல்லாம்தான் போனில் கிடைக்கிறதே என்கிறது நிர்வாகக் குழுவில் ஒரு பாதி. புத்தகம்தான் வாங்க வேண்டும் என்கிறது மறு பாதி. எது சரி என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு தரப்புமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டன: இருக்கிற மூவாயிரம் ஏன் பீரோவை விட்டு வெளியே வரவில்லை? அதற்கு விடை காணாமல் டேப்லெட் வாங்கினாலும் சரி, புதுப் புத்தகம் வாங்கினாலும் சரி, அதே பீரோவுக்குள்தான் போய்ச் சேரும்.

நூலக அறிவியல் படித்து, பள்ளி நூலகங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பள்ளியை நான் பார்த்ததில்லை. அறையில் ஈரம் எவ்வளவு, பொறுப்பேற்க மனமுள்ள ஆசிரியர் இருக்கிறாரா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறையை முழுதாக எடுத்துவிடும் யோசனைக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் 8ஆம் வகுப்பு வரைக்கும் ஆனது; உங்கள் பள்ளியில் 6, 7, 8 அதற்குள் வருகின்றன.

இப்போது பீரோவுக்கு வருவோம். பெரும்பாலான பள்ளிகளில் புத்தகம் பூட்டிக் கிடப்பதற்கு ஆசிரியரின் சோம்பலோ பிள்ளைகளின் போனோ காரணம் அல்ல. தணிக்கைப் பயம்தான் காரணம். தனி நூலகர் பணியிடம் இல்லாத பள்ளியில் தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாக நூலகத்தைப் பார்க்கிறார். பதிவேட்டில் இருக்கும் புத்தகம் ஒன்று குறைந்தால் தன் கைக்காசில் கட்ட வேண்டிவரும், ஓய்வு பெறும்போது பாக்கியில்லாச் சான்று கிடைக்காது என்ற கவலை அவருக்கு. புத்தகத்தைக் கொடுக்காமல் இருந்தால் தொலையவே தொலையாது என்பது அவர் நிலையில் நியாயமான முடிவுதான். ஆகவே முதல் சீர்திருத்தத்துக்குப் பணமே வேண்டாம், ஒரு தீர்மானம் போதும். நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, ஓர் ஆண்டில் வாசிப்புக்கு வழங்கப்படும் ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் 5 நூல் வரை இழப்பை இயல்பானது என்று ஏற்றுக்கொள்கிறது. நேர்மைக் குறைவாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த இழப்பாக இருக்கக் கூடாது, 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். இது நடுவண் அரசு அலுவலகங்களுக்கான விதி. உங்கள் பள்ளியைத் தானாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதை முன்மாதிரியாகக் காட்டி, ‘வழங்கும் நூல்களில் இத்தனை வரை இழப்பு ஏற்கப்படும், பொறுப்பாசிரியரிடம் வசூலிக்கப்படாது’ என்று நிர்வாகக் குழுவே தீர்மானம் எழுதி நிறைவேற்றலாம். பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகத்துக்கு ஆயிரத்துக்கு 5 போதாது. நூற்றுக்கு 3 முதல் 5 வரை என்று எழுதிவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

அடுத்தது, காகிதமா திரையா என்ற சண்டை. இதில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, 1,70,000க்கு மேற்பட்ட வாசகர்களின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018இல் வந்தது. ஒரே பகுதியைக் காகிதத்தில் படித்தவர்கள் திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வித்தியாசம் மிகப் பெரிதல்ல. தகவல் கட்டுரைகளிலும், நேரக் கட்டுப்பாடு இருந்தபோதும் அது தெளிவாகத் தெரிந்தது. கதையை மட்டும் படித்தபோது தெரியவில்லை. ஆண்டுகள் போகப் போக மக்களுக்குத் திரை பழகிவிடும், இடைவெளி குறைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை, கூடியிருந்தது. ஆக, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திரைதான் வசதி’ என்ற வாதத்துக்குச் சான்று இல்லை. அதே சமயம் ‘திரையில் கதை படித்தால் மண்டையில் ஏறாது’ என்பதற்கும் சான்று இல்லை. குழுவில் இரண்டு பக்கத்தாரிடமும் இதைச் சொல்லலாம்.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நூலகம் உள்ள பள்ளியில் மதிப்பெண் கூடுகிறது என்று அமெரிக்காவில், குறிப்பாகக் கொலராடோ மாநிலத்தில், 1990களிலிருந்து பல ஆய்வுகள் வந்தன. முழுநேர நூலகர் உள்ள பள்ளிகளில் வாசிப்புத் தேர்வு மதிப்பெண் கூடுதலாக இருந்தது உண்மை. குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கழித்தும் பார்த்தார்கள். இருந்தாலும் இது ஒட்டிவரும் உறவுதான். நூலகத்தால்தான் மதிப்பெண் கூடியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நன்றாக நடக்கும் பள்ளி நூலகத்தையும் நன்றாகத்தானே வைத்திருக்கும். சுவீடன் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதிலும் பாதிதான் உண்மை. அந்நாட்டு அரசு 2023இல் அச்சுப் பாடநூல் வாங்க 685 மில்லியன் குரோனர் ஒதுக்கியது சரி. கணினியைக் கைவிடவில்லை. அது ஓர் அரசின் கொள்கை முடிவு, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே நன்கொடையாளர்களிடம் ‘பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கூடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘எத்தனை பிள்ளைகள் மாதத்துக்கு எத்தனை புத்தகம் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்று காட்டுகிறோம்’ என்று சொல்லுங்கள். அதை எண்ணிக் காட்ட முடியும்.

‘எல்லாம் போனில் கிடைக்கிறது’ என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடைப்பது என்னவோ நிறையத்தான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்கள் தட்டச்சிட்ட வடிவில், தேடக்கூடிய விதத்தில் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள், இதழ்கள் பக்கம் பக்கமாக வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாக இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் தளம் இருக்கிறது. கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்னூலகம் பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேட உதவுகிறது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் தர நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியருக்கும் ஆய்வாளருக்கும் இவை பெருஞ்செல்வம். ஆனால் 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு? வருடிய படமாக உள்ள பழைய நூலை ஐந்தரை அங்குலத் திரையில் படிக்க ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி நகர்த்த வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கென்று கடந்த பத்து ஆண்டுகளில் எழுதப்பட்ட நல்ல தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் காப்புரிமையில் உள்ளவை. முறையாக இலவசமாக இணையத்தில் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் திருட்டுப் பிரதி. பள்ளி அதைப் பிள்ளைகளுக்குப் பகிரவே கூடாது. நம் நாட்டில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் விலக்கு. அவற்றைத் தாராளமாக அச்சிட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, போன் யாருடையது? அப்பாவுடையது. இரவு 8 மணிக்குமேல் கைக்கு வரும், வந்தால் தம்பிக்கும் பங்கு.

இணையத்தால் நூலகத்தின் ஒரு வேலை குறைந்திருக்கிறது, ஒரு வேலை கூடியிருக்கிறது. ஒரு நாட்டின் தலைநகரையோ ஒரு வேதிப்பொருளின் குறியீட்டையோ தேடப் பிள்ளை நூலகத்துக்கு வர வேண்டியதில்லை. கலைக்களஞ்சிய வரிசைக்கு ஒரு பீரோ ஒதுக்குவது இன்று தேவையற்றது. பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் பெரும் சாதனை, ஐயமே இல்லை. அதன் அறிவியல் கட்டுரைகளை இன்றைய பாடத்துக்கு ஆதாரமாகக் கொடுக்க முடியாது. கூடியிருக்கும் வேலை, படித்ததைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வி ஆய்வுக் குழு ஒன்று 2016இல் வெளியிட்ட அறிக்கையில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் ‘விளம்பரதாரர் உள்ளடக்கம்’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்த விளம்பரத்தையே செய்தி என்று நம்பினார்கள். அதே குழுவினர் பிறகு, கைதேர்ந்த செய்திச் சரிபார்ப்பாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். அவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதை மேலிருந்து கீழ்வரை படிக்கவில்லை. அதை விட்டு வெளியே வந்து, பக்கத்தை நடத்துவது யார், அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். இதை ஒரு பாடவேளைக்குள் பழக்கலாம். ஊரில் சுற்றும் மருத்துவக் குறுஞ்செய்தி ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளைகளை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து மூன்று கேள்விகள் மட்டும் கொடுங்கள்: எழுதியவர் யார், ஆதாரம் என்ன, வேறு யார் இதையே சொல்கிறார்கள். ஒரு குழு கணினியில் தேடட்டும், ஒரு குழு உடலியல் புத்தகத்தில் தேடட்டும், ஒரு குழு அறிவியல் ஆசிரியரைப் பேட்டி எடுக்கட்டும். கடைசிப் பத்து நிமிடம் ஒப்பிடுங்கள். ஆளுக்கொரு டேப்லெட் இருந்தால் இது நடக்காது. ஒவ்வொருவரும் முதலில் வந்த விடையை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இந்தப் பயிற்சி இன்னும் அவசியமாகிவிட்டது. ‘பத்துத் தமிழ்ச் சிறார் நாவல் சொல்’ என்று கேட்டால், இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் பதிப்பகமும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அந்தப் பட்டியலைப் பிள்ளைகளிடமே கொடுத்து, எவையெல்லாம் உண்மையில் அச்சில் வந்தவை என்று கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி.

இனி டேப்லெட் கணக்கு. பள்ளிப் பயன்பாட்டுக்குத் தாங்கும் டேப்லெட் ஒன்று 12,000 ரூபாய் என்று வையுங்கள். உறை, சார்ஜ் போடும் பெட்டி எல்லாம் சேர்த்தால் 2 லட்சத்துக்கு 15 வரும். வகுப்பில் 40 பேர். மூன்று பேருக்கு ஒன்று. வீட்டுக்குக் கொடுக்க மாட்டீர்கள், கொடுக்கவும் முடியாது. மூன்று நான்கு ஆண்டில் பேட்டரி தளரும், மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோகும், திரை உடைந்தால் மாற்றும் செலவு பாதி விலைக்கு வரும். முதல் ஆண்டோடு நன்கொடையாளர் கிளம்பிவிடுவார், இணையக் கட்டணமோ மாதாமாதம் வரும். மொத்தத்தையும் டேப்லெட்டில் போடாதீர்கள் என்பது இதனால்தான். கணினி வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று வேண்டும், அது நூலகத்தின் மேசையில் இருக்க வேண்டும்.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் ஆண்டு புத்தகத்துக்கு 70,000, இரண்டாம் ஆண்டு புத்தகத்துக்கென்று தொடாமல் வைக்க 40,000, திறந்த ரேக்குகளுக்கு 40,000, ஒரு மடிக்கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் சேர்த்து 35,000, பைண்டிங், லேபிள், அச்சு எடுப்பு போன்ற சில்லறைக்கு 15,000. இரண்டாம் ஆண்டுக்குப் பணம் வைப்பது முக்கியம். முதல் ஆறு மாதத்தில் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கும் 40,000, குருட்டுக் கணக்கில் வாங்கும் 70,000ஐவிட உதவும்.

ஆனால் வாங்குவதற்கு முன் கழிக்க வேண்டும். நெடுநாள் பூட்டிக் கிடந்த நூலகத்தில் மூன்றில் ஒரு பங்காவது கழிவுக்குப் போக வேண்டியிருக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து நான்கைக் கேளுங்கள்: தகவல் தவறாகிவிட்டதா, பக்கம் பொடிகிறதா அல்லது பூஞ்சை பிடித்ததா, இதைவிடப் புதிய பதிப்பு இருக்கிறதா, இந்த வயதுப் பிள்ளை தொடுமா. 2006க்கு முந்திய வானியல் நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக நிற்கும். பழைய பாடத்திட்டக் கையேடுகள், காலாவதியான போட்டித் தேர்வு வினா வங்கிகள், ஒரே தலைவரின் வாழ்க்கை வரலாற்றின் இருபது பிரதிகள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு நல்ல புத்தகத்தை மறைப்பவை. தலைமையாசிரியர், பொறுப்பாசிரியர், நிர்வாகப் பிரதிநிதி என மூவர் குழு போட்டு, பதிவேட்டு எண், தலைப்பு, கழிக்கும் காரணம் என்று பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, தீர்மானம் நிறைவேற்றிய பிறகே பழைய தாள் கடைக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் இல்லாமல் அனுப்பினால் அடுத்த தணிக்கையில் மாட்டுவது பொறுப்பாசிரியர்தான். அரசு மானியத்தில் வாங்கியவை இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எவற்றைக் கழிக்கக் கூடாது என்றும் ஒரு வார்த்தை. பள்ளி ஆண்டு மலர்கள், உங்கள் ஊர் பற்றிய சிறு வெளியீடுகள், விடுதலைக்கு முந்திய அச்சுப் புத்தகங்கள் ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. அங்கே இல்லாத ஒன்று உங்கள் பீரோவில் இருந்தாலும் ஆச்சரியமில்லை; எடைக்குப் போடும்முன் கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போது நடக்கும் பெரிய தவறு, ‘நூலகத் தொகுப்பு’ என்று விற்பனையாளர் கட்டிக்கொண்டு வரும் மூட்டையை அப்படியே எடுப்பது. 50 விழுக்காடு தள்ளுபடி என்பார். விற்காத சரக்காக இருக்கும். பொது அறிவுக் களஞ்சியம், தன்னம்பிக்கை நூல், பொன்மொழித் தொகுப்பு என்று பாதி இருக்கும். அதற்குப் பதிலாக மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு, வகுப்புக்கு இரண்டு பேராகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் கையால் ஒரு பங்கை எடுக்கச் சொல்லுங்கள். அங்கே வழக்கமாகக் கிடைக்கும் தள்ளுபடி 10 விழுக்காடுதான். பரவாயில்லை. புத்தகத்துக்குச் சராசரி 115 ரூபாய் என்றால் 70,000க்கு 600 புத்தகம் வரும். அதில் 80 தலைப்புகளை நான்கு நான்கு பிரதியாகவும், மீதி 280ஐ ஒற்றைப் பிரதியாகவும் வாங்கலாம். நான்கு பேர் ஒரே வாரத்தில் ஒரே கதையைப் படித்தால்தான் அதைப் பற்றிப் பேச்சு வரும். பேச்சு வந்தால் ஐந்தாமவன் தானே வரிசையில் நிற்பான்.

தர நிலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயர்நிலைப் பள்ளிகள் தடுமாறும் இடம் இது. 6ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு எட்டும் புத்தகம் நூலகத்தில் இல்லாவிட்டால், நூலகப் பாடவேளை அவர்களுக்கு வாரம் ஒருமுறை வரும் அவமானமாகிவிடும். தமிழகப் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறது. வகுப்பு எண்ணைப் போடாமல் இப்படிப் பெயர் வைத்தது புத்திசாலித்தனம். உங்கள் நூலகத்திலும் ‘3ஆம் வகுப்புக்கு’ என்று எங்கும் எழுதாதீர்கள். வரிக்கு நான்கைந்து சொல் வரும் படக்கதைகள் குறைந்தது நூறாவது இருக்க வேண்டும். இதற்குத்தான் அச்சுப்பொறி: ஸ்டோரிவீவர் போன்ற தளங்களில் திறந்த உரிமத்தில் உள்ள கதைகளை ஏ4 தாளில் இருபுறமும் அச்சிட்டு, நடுவில் மடித்துத் தைத்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரும் உரிமக் குறிப்பும் உள்ள கடைசிப் பக்கத்தை விட்டுவிடாமல் அச்சிட வேண்டும். உரிமத்தின் நிபந்தனையே அதுதான். ஸ்டேப்ளர் பின் மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும், நூலால் தையுங்கள். இணையம் பள்ளி நூலகத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, என் கணிப்பில், இந்த அச்சிட்ட கதைகள்தான்.

அடுக்கும் முறையில் அதிகம் மெனக்கெட வேண்டாம். பெரிய நூலகங்களில் பொருள்வாரியாக நூல்களுக்குப் போடும் டூயி பகுப்பெண்ணை, தமிழ்ப் புனைகதைக்கு 894.8113 என்று எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. தமிழ் இலக்கியம் முழுவதையும் 894.811 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் அடைத்த முறை அது. கதை, அறிவியல், வரலாறு, வாழ்க்கை வரலாறு, பாட்டு, படக்கதை, ஆங்கிலம் என ஏழு பிரிவு போதும், பிரிவுக்கு ஒரு நிறப் பட்டை. பட்டையைப் புத்தகத்தின் முதுகில் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் ஒரே அளவாக ஒட்டுங்கள். வேறு நிறம் நடுவில் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். அடுக்கும் வேலையை 8ஆம் வகுப்புப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். ரேக் 4 அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, மீதி இடத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை அட்டை தெரியும்படி சாய்த்து வையுங்கள். முதுகு மட்டும் தெரியும் ஒல்லிப் புத்தகத்தைப் பிள்ளைகள் எடுப்பதே இல்லை.

பட்டியலுக்குக் கோஹா போன்ற நூலக மென்பொருள் நல்லதுதான், இலவசமும்கூட. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகத்துக்கு எக்செல் போன்ற விரிதாள் போதும். பதிவெண், தலைப்பு, ஆசிரியர், பிரிவு, விலை, வாங்கிய நாள், பிரதி எண் என்று ஏழு கட்டங்கள். தமிழில் பட்டியல் போடும்போது இரண்டு சிக்கல் வரும். ஒன்று, பழைய பட்டியல் பாமினி போன்ற பழைய வகை எழுத்துருவில் இருந்தால் தேடலில் எதுவும் கிடைக்காது. முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரின் தலைப்பெழுத்துகளுக்குப் பின் புள்ளியா இடைவெளியா என்பதையும் முடிவு செய்து ஒரே மாதிரி எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆசிரியர் மூன்று பேராகத் தெரிவார். மற்றொன்று அகர வரிசை. ஒருங்குறியில் ன எழுத்து நவுக்கு அடுத்தும், ஜ எழுத்து சவுக்கு அடுத்தும் குறியிடப்பட்டிருக்கின்றன. சில மென்பொருள்கள் அந்தக் குறியீட்டு வரிசையிலேயே அடுக்கிவிடும். நெடுங்கணக்கு வரிசை வராது. பட்டியலை அச்சிடும்முன் ஒருமுறை கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வழங்கும் முறைதான் உயிர்நாடி. ஒரு வகுப்புப் பிரிவில் 40 பேர் என்றால் உங்களுக்குப் பத்துப் பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒரு பாடவேளை கால அட்டவணையிலேயே அச்சாக வேண்டும். ‘ஆசிரியர் வராதபோது நூலகம்’ என்று வைத்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடும். ஒரு பிள்ளைக்குத் திரும்ப வாங்கிப் புதிது எழுதிக் கொடுக்க அரை நிமிடம், 40 பேருக்கு 20 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் பாதி அதிலேயே போய்விடும். அதனால் இரண்டு மேசை போட்டு, பயிற்சி கொடுத்த மாணவ உதவியாளர் ஒருவரையும் எழுத வையுங்கள். பத்து நிமிடத்தில் முடியும். வழங்கல் பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதிவாரியாக எழுதினால் யார் எதைப் படித்தார்கள் என்று தேடவே முடியாது. பக்கம் இருந்தால் ஒரு பார்வையில் தெரியும், அடுத்து எதைக் கொடுப்பது என்றும் யோசிக்கலாம். தாமதத்துக்கு அபராதம் வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து புத்தகத்தை ஒளித்துவைப்பார்கள், பிறகு நூலகப் பக்கமே வர மாட்டார்கள். திருப்பித் தராவிட்டால் அடுத்தது கிடையாது என்பதே போதும். புத்தகம் படித்ததற்குச் ‘சுருக்கம் எழுதி வா’ என்று வீட்டுப்பாடம் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேர்வுக்கு வெளியே படிக்கக் கிடைத்த ஒரே இடத்தையும் தேர்வாக்கிவிடும் அது.

அறை பற்றிச் சில. ரேக்கைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளியும், தரையிலிருந்து அரை அடி உயர்த்தியும் வையுங்கள். கரையான் ஏறினால் கண்ணில் படும். நாப்தலீன் உருண்டை வேண்டாம். பிள்ளைகள் உட்காரும் மூடிய அறையில் அதன் ஆவி கேடு, வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. காற்றோட்டமும் வாரம் ஒருமுறை துடைப்பதும்தான் பூச்சிக்கு மருந்து. புத்தகம் நனைந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். வெயிலில் காயப் போடாமல், பக்கங்களை விசிறிபோல விரித்து நிற்கவைத்து, இடையிடையே வெள்ளைத் தாள் செருகி மின்விசிறியில் உலர்த்துங்கள். கிழிந்த பக்கத்துக்கு செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டில் பழுத்துப் பிசுபிசுக்கும். மெல்லிய தாளும் பசையும் நிலைக்கும்.

கடைசியாக ஆள். தனி நூலகர் கிடைக்கப் போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பொறுப்பாசிரியராகத் தானே படிக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், எந்தப் பாடமானாலும் சரி. அவருக்கு வாரம் நான்கு பாடவேளையாவது குறையுங்கள். இது நிர்வாகத்துக்குப் பணச் செலவைவிடக் கடினமான செலவு என்று தெரியும்; ஆனாலும் புத்தகத்தையும் பிள்ளையையும் ஒருசேர அறிந்த ஒருவர் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் ஒரு பருவத்தைத் தாண்டாது. ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் அதன் நூலகரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளை அங்கே உறுப்பினர் ஆக்கிவிட்டால் கோடை விடுமுறையிலும் வாசிப்பு அறுபடாது.

குழுக் கூட்டத்துக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்: கடந்த ஓராண்டு வழங்கல் பதிவேடு. அது காலியாக இருந்தால் டேப்லெட் பற்றிய விவாதத்தை ஓராண்டு தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் இழப்புத் தீர்மானம், கழித்தல், திறந்த ரேக், வாரம் ஒரு பாடவேளை ஆகிய நான்கும் நடந்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் பிள்ளைக்கு மாதம் இரண்டு புத்தகம் என்ற அளவை எட்டியிருந்தால், டேப்லெட் கேட்கும் நண்பர்களுக்கு நானே பரிந்து பேசுவேன்; எதற்கு, எத்தனை என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.